பால் கணக்குச் செயலியை இரண்டு கடைகளிலும் ஏற்றிய அனுபவம்

சென்ற வாரம் என் செயலி ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலும் வந்துவிட்டது. கூகுளின் ப்ளே ஸ்டோரில் அதற்கு ஐந்து வாரம் முன்பே வந்திருந்தது. செயலியை எழுதி முடிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. இரண்டு கடைகளுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் நிரலுக்காகச் செலவான நாட்கள் மிகக் குறைவு. மீதியை வங்கி அட்டையும், என் பெயரின் முன்னெழுத்தும், ஒரு பழைய மேக் கணினியும் எடுத்துக்கொண்டன. தனி ஆளாக முதல் செயலியை வெளியிடப் போகிறவர்களுக்கு அந்த நாட்களாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து நகரத்து வாடிக்கை வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கான கணக்குச் செயலி அது. காலையும் மாலையும் எந்த வீட்டுக்கு எத்தனை லிட்டர், எந்த நாள் வேண்டாம் என்றார்கள், மாதக் கடைசியில் பாக்கி எவ்வளவு என்பதை மட்டும் அது வைத்துக்கொள்ளும். பால்காரர்கள் கையில் இருப்பவை எல்லாம் ஆண்ட்ராய்டு கைபேசிகள். வாடிக்கை வீடுகளில் பலர் ஐபோன் வைத்திருக்கிறார்கள், அவர்களும் அதே கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு கடையோடு நிறுத்திக்கொள்ள முடியாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

ப்ளே ஸ்டோரில் வெளியிடுகிறவராகப் பதிவு செய்ய ஒரே ஒரு முறை 25 டாலர் கட்ட வேண்டும். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 25 டாலரைக் கட்ட என் டெபிட் அட்டை மறுத்துவிடும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. மூன்று முறை முயன்றும் பணம் போகாததால் நேரில் கேட்கலாம் என்று வீட்டுக்கு அருகிலுள்ள வங்கிக் கிளைக்குப் போனேன். கணினியைப் பார்த்த ஊழியர், "கணக்கு எங்கே ஆரம்பிச்சீங்களோ அங்கேயே போய்க் கேளுங்க சார், இங்கே ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். கணக்குத் தொடங்கிய கிளை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்தும் எதுவும் நடக்கவில்லை.

விடை ரிசர்வ் வங்கியின் விதியிலேயே இருந்தது. 2020 மார்ச் 16 முதல் புதிதாகத் தரப்படும் அட்டைகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளில் நேரில் தேய்க்கவும் மட்டுமே செல்லும். இணையத்துக்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கும் வேண்டுமென்றால் வாடிக்கையாளரே அதைத் திறந்துகொள்ள வேண்டும். அந்த வசதியைக் கைபேசிச் செயலியிலும் இணைய வங்கியிலும் எந்நேரமும் தர வேண்டும் என்றும் அதே விதி வங்கிகளிடம் சொல்கிறது. என் வங்கியின் செயலியில், அட்டைப் பகுதிக்குள் மூன்றாவது திரையில் அந்தப் பொத்தான் இருந்தது. திறந்த இரண்டாவது நிமிடத்தில் 25 டாலரும் போய்விட்டது. முதல் கிளையில் இருந்தவர் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் ஒன்பது நாள் எனக்கு மிஞ்சியிருக்கும்.

அடுத்தது பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து மட்டும் நிற்கிறது. பான் அட்டையில் முன்னெழுத்தை அப்படியே ஏற்பதில்லை என்பதால் அப்பாவின் பெயர் முழுவதுமாக விரிந்து நிற்கிறது. இந்த வேறுபாட்டை யோசிக்காமல், பணம் கட்டும் விவரத்தில் பான் அட்டையில் உள்ள பெயரைக் கொடுத்துவிட்டு, அடையாளச் சான்றாக ஆதாரை ஏற்றினேன். பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. அக்கம்பக்கத்துக் கணினி மையத்தில், "ஆதார்லயே பேரை மாத்திடுங்க" என்று எளிதாகச் சொன்னார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதில் ஒன்றைச் செயலிக்காகச் செலவழிக்காதீர்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே ஆவணத்தை எல்லா இடத்திலும் பின்பற்றினால் போதும். நான் பான் அட்டையைப் பிடித்துக்கொண்டேன்: கூகுள் கணக்கின் பெயர், பணம் கட்டும் விவரம், அடையாளச் சான்று மூன்றிலும் அதே பெயர். ஆப்பிளில் முதற்பெயர், இறுதிப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. செல்லப்பெயரோ நிறுவனப் பெயரோ எழுதினால் பதிவு தாமதமாகும் என்று அவர்களே அங்கே எச்சரிக்கிறார்கள். இறுதிப்பெயரில் அப்பாவின் பெயரை முழுமையாக எழுதினேன். இரண்டாவது நாள் ஒப்புதல் வந்தது. தனிநபராகப் பதிவு செய்தால் இந்தப் பெயர்தான் செயலியின் கீழே ஊரறியத் தெரியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ப்ளே ஸ்டோரில் என்னை அதிகம் வாட்டியது சோதனைக் காலம். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்குக் குறைந்தது 12 பேர், தொடர்ச்சியாக 14 நாள், வெளியிடுவதற்கு முன் நாம் அழைத்தவர்கள் மட்டும் பயன்படுத்திப் பார்க்கும் மூடிய சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். பன்னிரண்டு பால்காரர்களைச் சேர்ப்பது எளிது என்று நினைத்தேன். ஆனால் சோதனையில் சேர, அவர்கள் கைபேசியின் ப்ளே ஸ்டோர் எந்த ஜிமெயில் முகவரியில் இயங்குகிறதோ அந்த முகவரி எனக்கு வேண்டும். அது அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு பெரியவரின் கைபேசியை வாங்கி, ப்ளே ஸ்டோரின் மேல் வலது மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். அவர் பெயருக்குத் தொடர்பே இல்லாத ஒரு பெயரும், அதன் பின்னால் ஏழு எண்களும் இருந்தன. "இது யாரு அண்ணே?" என்று கேட்டேன். "கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்தது தம்பி. எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? பேசுனா கேக்குது, அது போதும்னு விட்டுட்டேன்" என்றார். கடவுச்சொல் கடைக்காரருக்கும் நினைவில்லை. அந்தக் கைபேசி பழுதானால் அவருடைய தொடர்பு எண்கள் முழுவதும் போய்விடும் என்பதை விளக்கி, அன்றே அவர் பெயரில் புதிய முகவரி ஒன்றைத் தொடங்கி, கடவுச்சொல்லை அவர் பால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்படியே ஆறு பேர் வீட்டுக்கு நடந்தேன்.

அவ்வளவுக்குப் பிறகும் சரியாகப் பன்னிரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டது என் பிழை. பத்தாவது நாள், என் சித்தப்பா மகன் ஏதோ அறிவிப்பு வருகிறது என்று சோதனையை விட்டே விலகிவிட்டான். எண்ணிக்கை பதினொன்றாக இறங்கியது, பத்து நாளும் வீணாகியது. இரண்டாம் முறை பதினெட்டுப் பேரைச் சேர்த்தேன். இருவர் விலகினார்கள், எதுவும் நேரவில்லை. பணம் வாங்கிக்கொண்டு சோதனையாளர்களைத் தருவதாகச் சிலர் வாட்ஸ்அப்பில் வந்து கேட்பார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். சோதனை முடிந்ததும், பயன்படுத்தியவர்கள் என்ன சொன்னார்கள், அதை வைத்து என்ன மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். பேர் தெரியாத ஆட்களை வைத்துக்கொண்டு அதற்கு என்ன பதில் எழுத முடியும்? வெயிலில் திரையே தெரியவில்லை, எண்களைப் பெரிதாக்கு என்று என் பால்காரர்கள் சொன்னார்கள். அதைத்தான் மாற்றினேன், அதைத்தான் எழுதினேன்.

இந்தக் காத்திருப்பில் நான் செய்த இன்னொரு தவறுக்கு இன்றுவரை வருந்துகிறேன். அவசரப்பட்டு, செயலியின் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பு) வாட்ஸ்அப்பில் நான்கு பேருக்கு அனுப்பினேன். ஒருவர் நிறுவ மறுத்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் ஏபிகே அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கிற கும்பல்கள் இருப்பதால், எதையும் தொடாதே என்று அவர் மகன் சொல்லி வைத்திருந்தான். அவன் சொன்னது முற்றிலும் சரி. மற்ற மூவரும் நிறுவினார்கள். ப்ளே ஸ்டோர் பதிப்பு வந்தபோது அது பழையதன் மேல் ஏறவில்லை. நான் அனுப்பிய கோப்பில் இருந்தது, செயலி யாருடையது என்று காட்டும் என் மின் கையொப்பம், கடையில் கிடைப்பதில் இருந்தது கூகுள் வைத்திருக்கும் சாவியின் கையொப்பம். இரண்டும் வேறு என்றால் கைபேசி அதை வேறொருவருடைய செயலியாகவே கருதும். பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும். என் முதல் பதிப்பு கணக்கைக் கைபேசிக்குள் மட்டுமே வைத்திருந்ததால், ஒருவருக்கு ஒன்பது நாள் கணக்கு அழிந்துபோனது. அவரோடு திண்ணையில் உட்கார்ந்து, வாடிக்கை வீடுகளை ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் கேட்டு மீண்டும் எழுதிக் கொடுத்தேன். கோப்பாக அனுப்பியே ஆக வேண்டும் என்றால், நாம் செயலியை ஏற்றும் தளமான ப்ளே கன்சோலிலேயே கடையின் கையொப்பத்தோடு கூடிய ஏபிகே தரவிறக்கக் கிடைக்கிறது, அதை அனுப்புங்கள்.

ஐபோன் பக்கம் கதையே வேறு. இந்தியாவில் ஐபோன் வைத்திருப்பவருக்குக் கோப்பாக அனுப்பும் வழியே பொதுமக்களுக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் மாற்றுக் கடைகளை அனுமதித்திருக்கிறார்கள். நமக்கு அது பொருந்தாது. பன்னிரண்டு பேர், பதினான்கு நாள் என்ற நிபந்தனை இங்கே கிடையாது. ஆப்பிளின் சோதனைச் செயலியான டெஸ்ட்ஃப்ளைட்டின் இணைப்பை அனுப்பினால் போதும், வெளியாட்கள் 10,000 பேர் வரை சோதிக்கலாம். கூகுள் ஆட்களைக் கேட்கிறது. ஆப்பிள் பணத்தையும் இயந்திரத்தையும் கேட்கிறது.

அந்த இயந்திரத்துக்காகத்தான் ஒரு நாளை வீணாக்கினேன். ஃப்ளட்டர் என்ற கருவியில் எழுதியதால் இரண்டு தளத்துக்கும் ஒரே நிரல்தான், ஆனால் ஐபோனுக்கானதை உருவாக்க மேக் வேண்டும். திருச்சியில் மாமா வீட்டில் 2015-ஆம் ஆண்டு மேக்புக் ஏர் ஒன்று இருந்தது. காலையில் கிளம்பிப் பேருந்தில் போய், ஐபோன் செயலிகளை உருவாக்கும் ஆப்பிளின் மென்பொருளான எக்ஸ்கோடைத் தரவிறக்கப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 2025 ஏப்ரல் 24 முதல் எக்ஸ்கோட் 16 அல்லது அதற்குப் பிந்தையதில் உருவாக்கிய செயலிகளை மட்டுமே அப்போது ஏற்றார்கள். எக்ஸ்கோட் 16 ஓட மேக்கின் இயங்குதளத்தில் சோனோமா பதிப்பு வேண்டும். 2015 மேக்புக் ஏர் அதற்கு இரண்டு பதிப்பு முந்தைய மான்டெரியோடு நின்றுவிடும். மாமா, "இவ்வளவு தூரம் வந்தது வந்துட்ட, சாப்பிட்டுட்டுப் போ மாப்ள" என்றார். சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். யாரிடமாவது மேக் கேட்பதற்கு முன், எந்த ஆண்டு மாடல் என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். கடைசியில் எம்1 மேக் மினி ஒன்றைப் பழையதாக, நண்பரோடு பாதிப் பாதி போட்டு வாங்கினேன்.

பரிசீலனையில் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டேன்; இரண்டுமே நான் விட்ட குறைகள். என் செயலியில் நுழைய இந்தியக் கைபேசி எண்ணுக்கு ஓடிபி வரும். பரிசீலிப்பவர் எங்கோ உட்கார்ந்திருப்பவர், அவருக்கு அந்த ஓடிபி எப்படிக் கிடைக்கும்? ஒரு மாதிரி எண்ணும், அதற்கு மாறாத ஓடிபியும் அமைத்து, குறிப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். இதை ஆப் ஸ்டோர், ப்ளே ஸ்டோர் இரண்டுமே எதிர்பார்க்கின்றன. இரண்டாவது, கணக்கை நீக்கும் வசதி. மின்னஞ்சல் அனுப்பினால் நீக்குகிறேன் என்று எழுதி வைத்திருந்தேன். 2022 ஜூன் 30 முதல் ஆப்பிளில் அது போதாது; கணக்குத் தொடங்க இடமிருந்தால், நீக்கத் தொடங்கவும் செயலிக்குள்ளேயே இடமிருக்க வேண்டும். கூகுள் அதோடு ஒரு இணையப் பக்கத்தையும் கேட்கிறது, செயலியை நீக்கிவிட்டவரும் அங்கே வந்து தன் கணக்கை அழிக்கச் சொல்ல முடிய வேண்டும் என்பதற்காக. மற்றவர் வீட்டுக் கணக்கை வைத்திருக்கிற செயலிக்கு இது நியாயமான விதி என்றே நினைக்கிறேன். நான் அதை முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று. இரண்டு கடைகளிலும் பெயருக்கு 30 குறிகள்தான் வரம்பு. நான் வைக்க விரும்பிய பெயர் 'பால்காரர்களுக்கான தினசரிக் கணக்கு'. நாம் எண்ணினால் இடைவெளியோடு 21 எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடு, புள்ளியையும் துணைக்காலையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுவதால் 33 ஆகிவிட்டது. 'தினசரி' என்பதைத் 'தின' என்று சுருக்கி, 'பால்காரர்களுக்கான தினக் கணக்கு' ஆக்கியதும் மிகச் சரியாக முப்பதில் அடங்கியது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

விற்பனையில் கடைகள் எடுத்துக்கொள்ளும் பங்கு பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலர் வரை இரண்டிலும் 15 விழுக்காடுதான், ஆனால் அதற்குரிய திட்டத்தில் நீங்களே பதிந்துகொள்ள வேண்டும். நிறுவனமாகப் பதிவு செய்ய, நிறுவனங்களை அடையாளம் காட்டும் டன்ஸ் எண் வேண்டும், அது இலவசம். வாங்கித் தருகிறேன் என்று என்னிடம் ஒரு ஆலோசகர் கட்டணம் கேட்டார், கொடுக்காதீர்கள். அமேசானின் கடை ஆண்ட்ராய்டில் 2025 ஆகஸ்டோடு மூடப்பட்டுவிட்டது, பழைய வழிகாட்டிகளை நம்பி அங்கே நேரம் செலவிட வேண்டாம். போன்பே 2024 பிப்ரவரியில் தொடங்கிய இண்டஸ் ஆப்ஸ்டோர் தமிழ் உள்ளிட்ட 12 இந்திய மொழிகளில் இருக்கிறது. அடுத்து அங்கேதான் ஏற்றப் போகிறேன்.

99 டாலரைக் கட்டிய மறு நிமிடமே அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மூடிவிட்டேன். நீங்களும் மூடிவிடுங்கள். ஆனால் புதுப்பிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு அதைத் திறக்க மறக்கக் கூடாது. சந்தா தவறினால் செயலி ஆப் ஸ்டோரிலிருந்து இறங்கிவிடும். அந்தத் தேதியை என் நாட்காட்டியிலும், அந்தப் பெரியவரின் பால் நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன். அவர் எதையும் மறப்பவர் அல்லர்.