பத்துக் கட்டுரையில் ஒன்று குறைந்தது: பேராசிரியர் பதவி உயர்வுக்கு நான் அலைந்த கதை

பொது நிர்வாகத்தில் முனைவர் பட்டம் முடித்த கையோடு 2006-ல் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். முனைவர் பட்டம் இருப்பவர்களுக்குப் பதவி உயர்வின் நான்கு படிகளுக்குமான பணிக்காலக் கணக்கு முறையே 4, 5, 3, 3 ஆண்டுகள். ஒரு படியிலும் தடங்கல் இல்லையென்றால் பதினைந்து வருடத்தில் பேராசிரியர். எனக்கு அந்தத் தேதி 2021-ல் வந்தது.

முதல் மூன்று படிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓரியன்டேஷன், ரெஃப்ரெஷர் என்ற ஆசிரியர் பயிற்சிகளின் சான்றிதழ்களையும் மற்றத் தாள்களையும் சரியாக வைத்திருந்தேன், ஓடிவிட்டது. கடைசிப் படிதான் கடினம். யுஜிசி என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி குறைந்தது 10 ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். அவற்றில் மூன்று, இணைப் பேராசிரியராக இருந்த காலத்தில் வந்திருக்க வேண்டும். ஒரு மாணவராவது நம் வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் வாங்கியிருக்க வேண்டும். ஆய்வு மதிப்பெண் குறைந்தது 110 வேண்டும். என்னிடம் மதிப்பெண் தாராளமாக இருந்தது. என் மாணவியும் பட்டம் வாங்கிவிட்டாள். கட்டுரைகள் மட்டும் சரியாகப் பத்து, ஒன்றுகூட உபரி இல்லை.

தகுதித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பித்தேன். பல்கலைக்கழகத்தின் உள் தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசியில் சரிபார்ப்பு முடிந்து கோப்பு நிர்வாகப் பிரிவுக்குப் போயிற்று. ஒரு மாதம் கழித்து அழைப்பு வந்தது. "மேடம், உங்க 2017 கட்டுரை வந்த ஜர்னல் இப்போ யுஜிசி ஏத்துக்கிற ஜர்னல் லிஸ்ட்டில் இல்லையே. எடுத்துட்டா ஒன்பதுதான் வருது" என்றார் உதவியாளர்.

எனக்கு உண்மையிலேயே வலித்தது. பத்திலும் நான் மிக நேசித்த கட்டுரை அது. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்காமல், தமிழ்நாட்டின் 12,500-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்புக்குப் போயின. தலைவர் இல்லாத ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போவார்கள் என்று பார்ப்பதற்காகவே பேருந்து பிடித்து ஊர் ஊராகச் சென்றேன். ஊராட்சிச் செயலர்களோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது. அதைப் பட்டியலிலிருந்து எடுத்தால் என் வேலையில் பாதியை எடுத்ததுபோல.

அழுது பயனில்லை, விதியைத் தேடினேன். யுஜிசி 2018 மே 2 அன்று 4,305 ஆய்விதழ்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த அறிவிப்பிலேயே இன்னொரு வாசகமும் இருக்கிறது: அறிவிப்பு வருவதற்கு முன் அந்த இதழ்களில் வெளியான, ஏற்கப்பட்ட கட்டுரைகளைப் பல்கலைக்கழகங்கள் உரிய முறையில் கருத்தில் கொள்ளலாம். நீக்கிய செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த வாசகத்தை யாரும் படித்திருக்கவில்லை.

அறிவிப்பின் நகலோடு ஒரு பக்கத்தில் முறையீடு எழுதினேன். கோபமாக ஒரு சொல்கூட இல்லை. பொருள், பார்வை, வேண்டுகோள், அவ்வளவுதான். அதைத் தபால் பிரிவில் கொடுத்து எண் வாங்கினேன். ஒரு தாள் எந்த உதவியாளரின் தன்பதிவேட்டில் (தன்னிடம் வரும் தாள்களை அவர் பதியும் ஏடு) எந்த எண்ணில் ஏறுகிறது, எப்போது நினைவூட்டு அனுப்புவது என்று, அரசு அலுவலகக் கோப்பு நடைமுறையான டாட்டன்ஹாம் முறையை வருடக்கணக்காக வகுப்பில் நடத்தியவள் நான். இருந்தும் அந்த எண் கையில் இருப்பதன் அருமை அன்றுதான் புரிந்தது. பத்து நாளுக்கு ஒருமுறை போனேன். "என் கோப்பு என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. எண்ணைச் சொல்லி, "எந்த மேசையில் இருக்கு சார்?" என்று மட்டும் கேட்டேன். முதல் கேள்விக்கு "பார்க்கிறோம் மேடம்" என்பதுதான் பதிலாக வரும். இரண்டாவதற்குப் பதிவேட்டைத் திறந்தாக வேண்டும். கண்காணிப்பாளர் கடைசியில் சாதகமாகவே குறிப்பு எழுதினார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை; தெரியாத இடத்தில் கையெழுத்துப் போட யாருக்கும் பயம்தான்.

நேர்காணலில் துணைவேந்தரும் வெளியிலிருந்து வந்த மூன்று பாட வல்லுநர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தக் கட்டுரையைத்தான் கையில் வைத்திருந்தார். "தலைவர் இல்லாத ஊரில் யாரிடம் போனார்கள்?" என்று கேட்டார். வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போனவர்கள் குறைவு, பழைய தலைவர் வீட்டுத் திண்ணைக்குப் போனவர்களே அதிகம் என்று நான் பார்த்ததைச் சொன்னேன். மற்ற கேள்விகள் சீக்கிரம் முடிந்தன.

ஆணை தாமதமாக வந்தாலும், தகுதித் தேதியிலிருந்தே பதவி உயர்வு என்று இருந்தது. குறித்த நேரத்தில் விண்ணப்பித்ததற்குக் கிடைத்த பலன் அது.

இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கட்டுரை வெளியான அன்றைக்கே, அந்த இதழ் பட்டியலில் இருக்கும் பக்கத்தைத் தேதி தெரிய அச்செடுத்து, கட்டுரையோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். அந்தப் பழைய பட்டியலுக்குப் பதிலாக வந்த யுஜிசி-கேர் இதழ்ப் பட்டியலையும் 2025-ல் நிறுத்திவிட்டார்கள். நாளைக்கு எந்தப் பட்டியலை வைத்துக் கேட்பார்களோ! 2017-ல் எனக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் மூன்று மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.