பம்ப்பைக் கடைசியாகத் தொட்டேன்: ஒரு 230 எஸ்எல் வண்டியைச் சீர்செய்த அனுபவம்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தென்னந்தோப்புக் கொட்டகையில் நிற்கும் மெர்சிடிஸ் பென்ஸ் 230 எஸ்எல், என் தாய்மாமா வால்பாறைத் தோட்டம் ஒன்றிலிருந்து வாங்கி வந்த வண்டி. 1963ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான இந்த இரட்டை இருக்கை வண்டிக்குக் கார்புரேட்டர் கிடையாது. ஆறு பிளஞ்சர்கள் (சிலிண்டருக்கு ஒன்றாகப் பெட்ரோலைத் தள்ளும் சிறு தண்டுகள்) கொண்ட பாஷ் இன்ஜெக்ஷன் பம்ப் ஒன்று, டீசல் லாரிகளில் உள்ளதைப் போலவே எஞ்சினோடு சேர்ந்து சுழன்று, அளந்த பெட்ரோலை ஒவ்வொரு சிலிண்டரின் உள்வழியிலும் பீய்ச்சுகிறது. மாமாவின் மறைவுக்குப் பின் இரண்டு மழைக்காலம் ஓடாமல் நின்ற வண்டியை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர எனக்கு எட்டு மாதங்கள் ஆயின. இதே வகைப் பம்ப்பை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

வண்டி என் கைக்கு வந்தபோது ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் ஓட்டம்) ஓரளவு சீராகவே இருந்தது. ஆனால் சாலையில் ஏறியதும் கரும்புகை கக்கியது, பிளக்குகள் கரி பிடித்தன, ஐந்தாவது சிலிண்டர் வேலையே செய்யவில்லை. மாமாவின் காலத்தில் ஒரு நகரப் பணிமனையில் பம்ப்பின் திருகுகளைத் திருப்பியிருந்தார்கள் என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

கோபாலபுரத்தில் மாநில எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சியில், முப்பது ஆண்டுகளாக லாரி, டிராக்டர் பம்ப்புகளைப் பிரித்துப் பூட்டும் அண்ணன் ஒருவரிடம் போனேன். பெட்ரோல் இன்ஜெக்ஷன் பம்ப்பை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. இருந்தாலும் மூடியைக்கூடத் திறக்காமல், “தம்பி, பம்ப்பை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல சுத்தி இருக்கிறதை எல்லாம் பார்த்துட்டு வாங்க” என்றார். எட்டு மாத வேலைக்கும் வழிகாட்டியது அந்த ஒரு சொல்தான்.

ஆகவே வால்வு இடைவெளியிலிருந்து தொடங்கினேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உள்வால்வுக்கு 0.08 மில்லிமீட்டர், வெளிவால்வுக்கு 0.20 மில்லிமீட்டர். பிறகு பாயின்ட், பிளக், கம்ப்ரஷன். ஆக்சிலரேட்டரிலிருந்து காற்று வால்வுக்கும் பம்ப்புக்கும் போகும் கம்பிகளின் பந்து மூட்டுகள் தேய்ந்திருந்ததால் அவற்றை மாற்றினேன். எரிபொருள் வழியில் பழைய ரப்பர் குழாய்களை முழுவதும் நீக்கினேன். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரைக் கரைத்து உப்பவைக்கிறது, ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. நம் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழையில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை.

ஐந்தாவது சிலிண்டரின் சிக்கலும் அந்த ஈரத்தால் வந்ததுதான். டீசல் மெக்கானிக்குகள் ஓடும் எஞ்சினில் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, வேலை செய்யாத சிலிண்டரைக் கண்டுபிடிப்பார்கள். பெட்ரோல் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீறிட்டால் தீப்பிடிக்கும். நாங்கள் பிளக் ஒயரைக் கழற்றிப் பார்த்தே முடிவுக்கு வந்தோம். அண்ணன் பம்ப்பின் மேலுள்ள டெலிவரி வால்வைக் கழற்றியபோது உள்ளே எலிமெண்டின் (பிளஞ்சரும் அது ஓடும் பேரலும் சேர்ந்த இணை) பிளஞ்சர் மேலேயே நின்றுவிட்டிருந்தது. பிளஞ்சருக்கும் அதன் பேரலுக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளிதான் உண்டு என்பதால், சிறிதளவு துரு பிடித்தாலே போதும். மெல்லிய எண்ணெயை ஊற்றி இரண்டு இரவுகள் ஊறவைத்தார். பிறகு பித்தளைக் கம்பியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, நான் எஞ்சினைக் கையால் சுற்றச் சுற்ற, பத்து நிமிடத்தில் அதை விடுவித்தார். சுத்தியலை அவர் எடுக்கவே இல்லை.

பம்ப்பின் டைமிங் குறியைப் பார்த்து அவர் வியந்தார். டீசலில் அழுத்த வீச்சின் முடிவில், பிஸ்டன் உச்சியை அடையும் முன்னரே எரிபொருள் பாயத் தொடங்கும். இங்கோ உறிஞ்சு வீச்சில், பிஸ்டன் உச்சியைக் கடந்து, கிராங்க் தண்டு 20 பாகை சுழன்றதும் தொடங்குகிறது. எங்கள் பம்ப்பில் அது சரியாகவே இருந்தது.

கரும்புகைக்கு உண்மையான காரணம் பம்ப்பின் தலையில் உள்ள சூடேற்றக் கருவி. கூலன்ட் சூட்டில் விரியும் ஒரு தெர்மோஸ்டாட், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூடுதல் காற்றையும் கூடுதல் பெட்ரோலையும் தந்து, சூடானதும் இரண்டையும் நிறுத்த வேண்டும். மேலே உள்ள சிறு வடிகட்டியைக் கழற்றி விரலை வைத்தால் குளிரில் காற்று இழுக்க வேண்டும். எஞ்சின் சூடேறியதும் இழுப்பு நிற்க வேண்டும். எங்களுடையது அரை மணி நேரம் ஓடிய பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தது. பிரித்தால் உள்ளிருந்த சிறு பிஸ்டன் துருவில் இறுகிக் கிடந்தது. அதனால் எப்போதும் பெட்ரோல் கூடிவந்த கலவையை, அந்தப் பணிமனையில் ஐட்லிங் திருகைக் குறைத்துச் சமாளித்திருக்கிறார்கள். நிறுத்திவைத்துக் கேட்டால் வண்டி நன்றாக ஓடுவதாகத் தோன்றியதும் சாலையில் புகைந்ததும் ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது. பிஸ்டனைச் சுத்தம் செய்து மாட்டியதும் புகை நின்றது. ஆனால் ஐட்லிங் ஏறி இறங்கித் தள்ளாடியது.

அதன் பிறகே பம்ப்பின் பின்புறத் திருகில் கை வைத்தேன். எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் அதை உள்ளே அழுத்தித் திருப்ப வேண்டும். ஓடும்போது அழுத்தினால், வேகத்துக்கேற்பப் பம்ப்பைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சேதமாகும். ஊரில் புகைப் பரிசோதனை நிலையம் நடத்தும் தம்பி, ஒரு மத்தியானம் முழுவதும் தன் கருவியை எனக்காக ஒதுக்கித் தந்தார். முதல் அளவில் கார்பன் மோனாக்சைடு 0.6 விழுக்காடு, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. ஒவ்வொரு சொடுக்காகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்தி, திரும்ப ஓட்டி, ஆறாவது சொடுக்கில் 2.7க்கு வந்தது. இத்தகைய பழைய வண்டிகளுக்கு நம் நாட்டில் அனுமதித்த உச்ச அளவு 3 விழுக்காடு. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் இன்றைய பெட்ரோலை அன்றைய பெட்ரோலைவிட ஏறக்குறைய 8 விழுக்காடு கூடுதலாக ஊட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஐட்லிங் சரியானால் போதாது. பம்ப்புக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு, காற்று வால்வை நிமிடத்துக்கு 1500 சுற்றில் நிலையாகப் பிடித்துக்கொண்டு, பம்ப்பின் நெம்புகோலை மட்டும் மயிரிழை அளவு அசைத்துக் கேட்க வேண்டும். பெட்ரோலைக் கூட்டும்போது வேகம் ஏறினால் கலவையில் பெட்ரோல் குறைவு. குறைக்கும்போது ஏறினால் அதிகம். இரு பக்கமும் வேகம் சற்றே இறங்கினால் சரியான இடத்தில் நிற்கிறது. இதை 2500 சுற்றிலும் செய்து பார்த்தேன். பம்ப்புக்குள் இருக்கும் முப்பரிமாணக் கேம் எஞ்சினின் வேகத்துக்கேற்ப நீளவாக்கில் நகர்ந்து, ஆக்சிலரேட்டருக்கேற்பச் சுழன்று, பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற தண்டு நிற்க வேண்டிய இடத்தைத் தீர்மானிக்கிறது. இன்று கணினிக்குள் இருக்கும் அட்டவணையை அன்று எஃகில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த எஃகு சொன்ன கணக்கு இரண்டு வேகங்களிலும் பிசகாததைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. உள்ளிருக்கும் மற்ற திருகுகளைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை.

பிப்ரவரியில் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு ஆழியாறு வழியாக வால்பாறைக்குப் போனேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். அதை உணர்ந்து பெட்ரோலைக் குறைக்க பம்ப்பில் ஒரு காற்றழுத்தப் பெட்டி உண்டு. அது வேலை செய்கிறதா என்பதைக் கொட்டகையில் சோதிக்க என்னிடம் வழியில்லை. நாற்பது கொண்டையூசி வளைவுகளும் ஏறி முடித்து, மேலே ஒரு தேநீர்க் கடை ஓரத்தில் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ஐந்தாவது பிளக்கைக் கழற்றினோம். அண்ணன் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பீங்கான் பழுப்பு நிறத்தில் இருந்தது; கலவை சரி என்பதற்கு அதுவே அடையாளம்.

இப்போது வாரம் ஒருமுறை, மழையிலும், எஞ்சின் நன்கு சூடேறும்வரை வண்டியை ஓட்டுகிறேன். எங்கள் பம்ப்புக்குத் தனி எண்ணெய் என்பதால் மாதம் ஒருமுறை அதன் அளவுக் கோலை எடுத்து முகர்கிறேன். எண்ணெய் அளவு ஏறி, பெட்ரோல் வாசம் அடித்தால் எலிமெண்ட் தேய்ந்து கசிகிறது என்று பொருள். சென்ற வாரம் பார்த்தபோது எண்ணெய் வாசம் மட்டுமே இருந்தது.