தண்ணீர் பீய்ச்சியும் கொதித்த மோட்டார்: இடிந்தகரை நாட்குறிப்பு

பிப்ரவரி 6, 2025, வியாழன்

சித்தப்பாவின் ஃபைபர் வள்ளத்து மோட்டார் பட்டறைக்கு வந்துவிட்டது. 9.9 குதிரைசக்தி, டூ ஸ்ட்ரோக், மண்ணெண்ணெயில் ஓடுவது. வலை வளைக்கையில் மெதுவாக ஓட்டினால் தீய்ந்த வாடை அடிக்கிறதாம், அப்புறம் இழுவை செத்து நின்றுவிடுகிறதாம். ஆறவிட்டுக் கயிற்றை இழுத்தால் பிடித்துக்கொள்கிறது.

"ஏலே, தண்ணிதான் நல்லா பீச்சுதே, பெறவு எப்படில சூடாகும்?" என்கிறார்.

பக்கவாட்டில் பீய்ச்சும் அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் இங்கே எல்லோரும் மோட்டாருக்கு நாடி பிடிக்கிறார்கள். அது பம்ப் வேலை செய்கிறது என்று மட்டும்தான் சொல்லும். இந்த மாடலில் அந்தக் குழாய், சூடேறினால் மட்டும் திறந்து தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வுக்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. அதற்கப்பால் சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டில் தண்ணீர் ஓடுகிறதா என்பது வேறு கேள்வி.

பிப்ரவரி 7, வெள்ளி

ட்ரம்மில் தண்ணீர் நிரப்புவதற்குள் சித்தப்பா மகன் சும்மாவே ஸ்டார்ட் பண்ணப் பார்த்தான். நல்லவேளை, கையைப் பிடித்தேன். தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு. வறட்சியாகச் சுற்றினால் நொடியில் கருகிவிடும்.

கீழே தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் பிளாஸ்டிக் பை, நைலான் நூல் ஒன்றும் இல்லை. மோட்டாரின் கால்பகுதியைக் கழற்றினேன். இம்பெல்லர் சிறகுகள் ஒரே பக்கமாக வளைந்து விறைத்திருந்தன, ஆனால் எதுவும் ஒடியவில்லை. ஒடிந்திருந்தால் அந்தத் துண்டு மேலே எங்கே போய் அடைத்திருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். கழற்றியது கழற்றியாயிற்று என்று புதிது போட்டேன்.

பிளக் இரண்டும் ஒரே மாதிரி வெளுத்திருந்தன, சூடு மிஞ்சியதற்கு அடையாளம். மண்ணெண்ணெயோடு கலக்கும் டூடி (2T) ஆயில் குறைந்தாலும் வெளுக்கும்தான், ஆனால் சித்தப்பா அளந்து ஊற்றுகிறவர். ட்ரம்மில் ஓடவிட்டால் பீய்ச்சல் முன்னைவிட ஜோர். ஹெட்டில் மட்டும் கை வைக்க முடியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கடலுக்குப் போகாத நாள். பூசை முடிந்ததும் பட்டறை வாசலில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்திலேயே கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலை இரண்டு இதே கடல்தண்ணீரை எடுத்துத்தான் சூட்டைத் தணிக்கின்றன. நம்முடைய 9.9க்கு வந்த சோதனையைப் பாருங்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகள் உப்பேறி இறுகிக் கிடந்தன. அவசரப்பட்டுத் திருகினால் தலை முறிந்து வேலை இரட்டிப்பாகும். எண்ணெய் விட்டு, சூடு காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி எடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

உள்ளே சுண்ணாம்பு பூசினது போல வெள்ளைப் படிவு. தெர்மோஸ்டாட் வாயும் அதில்தான் ஒட்டியிருந்தது. சந்தேகம் வேண்டாம் என்று அதையும் என்னிடமிருந்த புதியதையும் நூலில் கட்டி, சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். 50 டிகிரியைத் தாண்டியதும் புதியது திறந்தது. பழையது தண்ணீர் கொதித்த பிறகும் அசையவில்லை. கார் இன்ஜினில் இது 80, 90 டிகிரியில்தான் திறக்கும். கடல்தண்ணீர் அவ்வளவு சூடேறினால் படிவு விழும் என்பதால்தான் இதில் குறைவாக வைத்திருக்கிறார்கள்.

"அந்த எழவைத் தூக்கிப் போட்டுட்டு அப்படியே மூடுல" என்றார் சித்தப்பா. பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். பெட்ரோல் மோட்டார் என்றாலாவது சமாளிக்கும். மண்ணெண்ணெய் ஆவியாக சூடு வேண்டும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடேறின பிறகு மாற்றுவது அதற்குத்தானே? ஹெட் எந்நேரமும் குளிர்ந்தே கிடந்தால் மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் பிளக்கில் கரி அடைக்கும். சூடு தணிந்தது என்று சந்தோஷப்பட்டுக் கடைசியில் பிளக் மாற்றியே ஓய்ந்துபோவார்.

படிவை மெல்லச் சுரண்டி, மிச்சத்துக்கு வினிகர் ஊற்றினேன். நுரைத்துக் கரைந்தது. புது தெர்மோஸ்டாட், புது கேஸ்கெட் போட்டு மூடினேன்.

பிப்ரவரி 12, புதன்

விடியற்காலையில் நானும் வள்ளத்தில் போனேன். வலை வளைக்கும் வேகத்திலேயே நெடுநேரம் ஓட்டச் சொன்னேன். வாடை இல்லை, இழுவை குறையவில்லை. சாளை கொஞ்சம் கிடைத்தது.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும் என்றேன். சித்தி விடவில்லை. "குடிக்கவே குடம் குடமாத் தூக்குறோம், இதுல மோட்டாருக்கு வேறயா?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில், துணி அலசின தண்ணீரில் சோப்பு இல்லாத கடைசி அலசலை ட்ரம்மில் ஊற்றித் தருவதாக ஒப்பந்தம். இம்பெல்லர், தெர்மோஸ்டாட் காசு அடுத்த மீன்பாட்டுக்கு வரும் என்றிருக்கிறார் சித்தப்பா.