நான்காவது ரோலில் பிறை விழவில்லை

நேற்று ராத்திரி பதினொன்றரை மணி. வீட்டிலேயே பிலிம் கழுவிப் பழகுகிறேன், இது நான்காவது ரோல். மருந்து ஊற்றும் டேங்க்கைத் திறந்து, பிலிம் சுற்றியிருக்கும் ரீலைப் பிரித்து, சொட்டச் சொட்ட பிலிமைத் தூக்கிக் குளியலறை விளக்குக்கு நேரே பிடித்தேன். பன்னிரண்டு கட்டம். பன்னிரண்டிலும் படம். ஒட்டல் இல்லை, பால் படிந்த திட்டு இல்லை, முக்கியமாக அந்தப் பாழாய்ப்போன பிறை வடிவத் தழும்பு ஒன்றுகூட இல்லை. தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிக் காட்டினேன். "நல்லா இருக்குங்க, காலைல பாக்கறேன்" என்று திரும்பிப் படுத்துவிட்டாள். எனக்கு மூன்று மணி வரை தூக்கம் வரவில்லை.

கேமரா பெரியப்பாவுடைய யாஷிகா மேட் 124ஜி. கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் அதில்தான் அவர் கல்யாணம் எடுத்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு ரோல், முகூர்த்தத்துக்கு இரண்டு, சாப்பாட்டுப் பந்திக்கு மிச்சம் இருந்தால் நாலு படம் என்று கணக்குப் பண்ணி எடுப்பாராம். 1970-இல் இருந்து 1986 வரை யாஷிகா இந்த மாடலைச் செய்தது. பெரியப்பா வாங்கியதே இரண்டாம் கையில். இன்றைக்கும் பிலிமை நகர்த்தும் கிராங்கைச் சுற்றினால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஷட்டர் ஒரு செகண்டு வேகத்தில் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை எல்லாம் கழுவுவதில்தான். முதல் ரோலில் சுருளோடு சுருள் ஒட்டிக்கொண்டது. படத்தை வரவழைக்கும் டெவலப்பரும் அதை நிலைநிறுத்தும் ஹைப்போவும் போய்ச் சேராத இடம் இரண்டு கட்டத்துக்கு வெளுத்து நின்றது. இரண்டாவதில் ஐந்து கட்டங்களில் நகத்தால் அழுத்தியது போல் பிறை. மூன்றாவது ரோல்தான் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. திருக்கடையூரில் பெரியப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். அவர் கேமராவிலேயே அவரை எடுத்தேன். அந்த பிலிம் ரீலில் பாதி ஏறி நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. இழுத்ததில் ஓரம் கிழிந்தது. ஏழு படம் போய்விட்டது. மாலை மாற்றும் படம் அந்த ஏழில் ஒன்று.

அதற்கப்புறம் இரண்டு மாதம் ஒரு ரோல்கூடப் போடவில்லை. வீணான அந்த பிலிமையே வைத்துக்கொண்டு, பிறை ஏன் விழுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கேமராவில் போடும் 120 பிலிம் சாதாரண 35 எம்எம் பிலிம் மாதிரி இல்லை. அகலம் கிட்டத்தட்ட ஆறு சென்டிமீட்டர், அடிப்பட்டை மெல்லிசு. பிளாஸ்டிக் ரீலில் ஏற்றும்போது முன்பக்கம் எங்கேயாவது பிடித்துக்கொண்டால், நாம் திருகத் திருகப் பின்பக்கம் மட்டும் உள்ளே தள்ளப்படும். நடுவில் பிலிம் வில்லாக வளைந்து 'டிக்' என்று ஒடியும். இருட்டில் அந்தச் சத்தம் விரலுக்கே கேட்கும். படம் பதியும் ஜெலட்டின் பூச்சு, அதாவது எமல்ஷன், அந்த இடத்தில் அடிபடுகிறது. ஸ்கேன் செய்தால் அங்கே வெள்ளையாக ஒரு பிறை. எந்த மென்பொருளில் எவ்வளவு தேய்த்தாலும் முகத்தின் மேல் விழுந்த பிறை போகாது.

சரி, முன்பக்கம் ஏன் பிடித்துக்கொள்கிறது? வேர்வை. சென்னையில், வைகாசி மாதத்தில், மத்தியானம் மூன்று மணிக்கு, பிலிமை ரீலில் ஏற்றுவதற்கான வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக்குக்குள் இரண்டு கையையும் விட்டுப் பாருங்கள். ஐந்தாவது நிமிடம் பைக்குள் ஆவி பிடிக்கிற மாதிரி ஆகிவிடும். ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ரீலின் வாயில் பிலிமைப் பிடித்து இழுக்கிற அந்தச் சின்ன எஃகு குண்டுகளும் ஈரத்தில் இறுகிக்கொள்ளும். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லித் தரும் வீடியோக்களில் இந்த வேர்வையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். "சித்திரை வைகாசியில பகல்ல நாங்க ரோலே கழுவ மாட்டோம்டா தம்பி. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான். கையைத் துடைக்கிறேன்னு விரலை மட்டும் துடைக்காதே. வேர்வை தோள்லேர்ந்து இறங்கும்." அவர் சொன்ன கடைசி வாக்கியம்தான் மருந்து. நான் இத்தனை நாள் உள்ளங்கையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு ஒழுகி வருவதைக் கவனிக்கவே இல்லை.

அதனால் நேற்று இப்படிச் செய்தேன். படுக்கையறையில் ஏசியை 24-இல் போட்டு ஒரு மணி நேரம் விட்டேன். பையையும் ரீலையும் டேங்க்கையும் அங்கேயே வைத்துவிட்டேன், ஈரம் இறங்கட்டும் என்று. பழைய பருத்தி சாக்ஸ் இரண்டின் நுனியை வெட்டி இரண்டு முன்கையிலும் மாட்டிக்கொண்டேன், மணிக்கட்டு வரை. ஒழுகுவதை அது குடித்துவிடும். பைக்குள் ஒரு பிளாஸ்டிக் காய்கறிக் கூடையைக் கவிழ்த்து வைத்தேன். பையின் துணி கையிலும் பிலிமிலும் வந்து படியாமல் கூடாரம் மாதிரி நிற்கும். அதற்குள் காற்றுக்கும் இடம் கிடைக்கும். கூடையின் ஒரு பக்கத்தைக் கை போகிற அளவுக்கு அறுத்துவிட்டு, வெட்டு வாயை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டேன். இல்லாவிட்டால் பை கிழியும்.

ரீலைப் பற்றி இன்னொன்று. கடைசியாக, தண்ணீர்ப் புள்ளி விழாமல் காய்வதற்கான வெட்டிங் ஏஜென்ட் திரவத்தில் முக்கும்போது ரீலோடு முக்காதீர்கள். அந்த சோப்பு பள்ளத்தில் காய்ந்து படிந்து, அடுத்த ரோலுக்குப் பசை மாதிரி ஆகிவிடுகிறது. பழைய டூத் பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்தேன். நுரை வந்தது! மூன்று ரோலின் சோப்பு அத்தனையும் அங்கேதான் இருந்திருக்கிறது. இப்போது பிலிமை மட்டும் ஒரு கிண்ணத்தில் தனியாக முக்கி எடுக்கிறேன்.

இனி என்னைக் கரையேற்றிய அந்த ஒரு தந்திரம். 120 ரோலில் பிலிமோடு ஒரு பின்காகிதமும் சேர்ந்து சுற்றியிருக்கும். அதைப் பிரித்தால் முதலில் கைக்கு வருவது பிலிமின் சும்மா இருக்கும் முனை. எல்லோரும் அதைத்தான் ரீலில் நுழைப்போம். அந்த முனை சுருண்டு, துவண்டு, வாயில் நிற்காது. அதை விட்டுவிடுங்கள். காகிதத்தைக் கடைசி வரை பிரித்துக்கொண்டே போனால் பிலிமைக் காகிதத்தோடு ஒட்டியிருக்கும் டேப் வரும். டேப்பைக் காகிதத்திலிருந்து மட்டும் மெதுவாக உரித்து, பிலிம் மேலேயே மடித்து ஒட்டிவிடுங்கள். இப்போது அந்த முனை அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். மூலை இரண்டையும் கத்தரிக்கோலால் துளி நறுக்கி இந்த முனையை ரீலுக்குள் விட்டால், தண்டவாளத்தில் ஏறுகிற மாதிரி ஏறுகிறது. மெதுவாக உரிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் பசை பிரியும் இடத்தில் நீலமாக ஒரு மினுக்கு வரும். நான் இருட்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏற்றி முடிக்க நாற்பது செகண்டு. மூன்றாவது ரோலுக்கு நாற்பது நிமிடம் போராடியிருந்தேன்.

அப்புறம் வெப்பம். குழாயில் வந்த தண்ணீர் 31 டிகிரி. நான் போடும் ஹெச்பி5 பிளஸ் பிலிமுக்கு டி-76 டெவலப்பரைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 31-இல் அது மூன்று நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிடும். அவ்வளவு குறைந்த நேரத்தில் டெவலப்பர் சமமாகப் பிடிக்காது, ஆகாயம் திட்டுத் திட்டாகும். 20-க்கு இறக்குகிறேன் என்று ஐஸோடு மல்லுக்கட்டிய நாட்கள் உண்டு. டெவலப்பர் 20, ஹைப்போ 27, கழுவும் தண்ணீர் 31 என்று பிலிமைக் குளிரிலும் சூட்டிலும் மாற்றி மாற்றி முக்கினால் ஜெலட்டின் என்ன ஆகும்? இப்போது 20 என்ற ஆசையை விட்டாயிற்று. டி-76 ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து, எல்லாவற்றையும் 24-இல் நிறுத்துகிறேன். 20-இல் பதினொரு நிமிடம் என்பது 24-இல் ஏழே முக்கால் நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். நெகடிவ் அடர்த்தி கச்சிதமாக வந்திருக்கிறது. பெரிய பேசினில் தண்ணீர், அதில் ஜிப் உறையில் கட்டிய ஐஸ், நடுவில் பாட்டில்கள் எல்லாம் வரிசையாக. ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடும்.

கடைசியில் ஹைப்போ போக அலசிக் கழுவுவதற்கும் 24 டிகிரித் தண்ணீர் வேண்டுமே, குழாயைத் திறந்துவிட்டால் 31-தானே வரும் என்று கேட்பீர்கள். பிலிம் கம்பெனியான இல்ஃபோர்டு சொல்லும் முறையில் கழுவினேன். டேங்க்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பிப் பத்து முறை, மறுபடி இருபது முறை. 120-க்கு ஒரு தடவைக்கு அரை லிட்டர், ஆக மொத்தம் ஒன்றரை லிட்டரில் வேலை முடிந்தது. லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவில் இது சின்ன விஷயம் இல்லை. கடைசி முக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டரில். கார் பேட்டரிக்கு ஊற்றுவதற்கு என்று விற்கிறார்களே, அதே ஐந்து லிட்டர் கேன்தான். எங்கள் போர் தண்ணீரில் காயவைத்தால் நெகடிவில் உப்புப் பூத்துவிடும்.

பெரியப்பா காலத்தில் ஐஸ் எல்லாம் இல்லை. கோடையில் படிகாரம் சேர்த்த ஹைப்போ வைத்துக்கொள்வார்களாம். அது ஜெலட்டினை இறுக்கிவிடும், சூட்டில் நெகிழாது. அவர் பயன்படுத்தியதெல்லாம் பெரும்பாலும் ஊட்டியிலிருந்து வந்த 'இந்து' பிலிம். 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை அது. நம் மலையிலேயே பிலிம் செய்துகொண்டிருந்தோம் என்பதை நினைத்தால், இன்று ஒவ்வொரு ரோலுக்கும் இங்கிலாந்தைப் பார்த்துக் காத்திருப்பது வலிக்கிறது. இந்து 120 பெட்டி பிரிக்காதது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். காலாவதி ஆகி எத்தனை வருடமானாலும் பரவாயில்லை, படம் மூட்டமாக வந்தாலும் சரி, ஒரு ரோல் போட்டுப் பார்க்க வேண்டும்.

பிலிம் வாங்குகிற இடம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: ஐந்தாக வாங்குங்கள், தேதி பார்த்து வாங்குங்கள், கோடையில் கூரியரில் வந்தால் பிரிட்ஜில் வைத்து, எடுக்கிற அன்று உறையைப் பிரிக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே விடுங்கள். போன வருடம் ஓரிடத்தில் வாங்கிய மூன்று ரோலில் பின்காகிதத்தின் எண்கள் அப்படியே வானத்தில் பதிந்திருந்தன. சூட்டிலும் ஈரத்திலும் கிடந்த சரக்கு. கேமராவின் வெளிச்ச மீட்டருக்கு பேட்டரி தேடி அலைய வேண்டாம். பழைய 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இனி வராது. காது மெஷினுக்குப் போடும் 675 எண் பேட்டரி 1.4 வோல்ட், அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டு உட்கார வைத்தால் ஊசி சரியாகவே காட்டுகிறது. ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட ஆரம்பித்துவிடும், இரண்டு மூன்று மாதத்தில் மாற்ற வேண்டியிருக்கும்.

இந்த நான்காவது ரோலில் என்ன இருக்கிறது என்று சொல்லவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போயிருந்தேன். அந்த ஏழு படத்துக்கு ஈடாக. பெரியப்பாவையும் பெரியம்மாவையும் கூடத்து ஊஞ்சலில் உட்கார வைத்தேன். கிழக்கு ஜன்னல் வெளிச்சம், லென்ஸ் துளை எஃப் 4, ஷட்டர் முப்பதில் ஒரு பங்கு செகண்டு, கேமரா ட்ரைபாடில். இடுப்பளவில் வைத்துக் குனிந்து பார்க்கிற கேமரா என்பதால் எடுக்கிறவன் முகம் அவர்களுக்குத் தெரிவதில்லை. குனிந்த தலைதான் தெரியும். அதனாலோ என்னவோ, பெரியம்மா எந்தப் படத்துக்கும் விறைக்கிற மாதிரி இதற்கு விறைக்கவில்லை. ஒன்பதாவது கட்டம் பெரியப்பாவின் கை மட்டும். கட்டைவிரல் நகத்தில் இன்னும் போகாத பழுப்பு. டெவலப்பர் கறை என்கிறார். ஸ்டுடியோவை மூடி எத்தனை வருடம் ஆயிற்று!

முதல் எட்டுக் கட்டம்தான் இதுவரை ஸ்கேன் செய்திருக்கிறேன். மீதி நாலு இன்னும் கொடியில் கிளிப்போடு தொங்குகிறது. அதற்குள் மனம் காபித் தூளுக்குப் போய்விட்டது. இன்ஸ்டன்ட் காபி, வாஷிங் சோடா, வைட்டமின் சி வைத்து டெவலப் பண்ணுகிற முறை. காபியும் சோடாவும் மட்டும் சேர்ந்த மூல முறை 1995-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கழகத்து வகுப்பறையில் பிறந்தது, வைட்டமின் சி பின்னால் சேர்ந்தது. சிக்கரி கலந்த நம் ஊர்த் தூளில் அது எப்படி வரும் என்று பார்க்க வேண்டும். அடுத்த ரோல் அதற்குத்தான்.

காலையில் நெகடிவை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் போனில் எடுத்து, அப்படியே பெரியப்பாவுக்கு அனுப்பினேன், பாசிட்டிவாக மாற்றாமல். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"மூணாவது கட்டத்துல உங்க பெரியம்மா மூக்குத்தி கறுப்பா ஒரு புள்ளி அடிச்சிருக்கு பாரு, அது விழுந்துடுச்சுன்னா மத்ததெல்லாம் விழுந்த மாதிரிதான். பிரிண்ட் போடுற என்லார்ஜர் பரண்ல கெடக்கு. லென்ஸுல பூசணம் இருக்கும். வர்றப்ப துடைக்கிறதுக்கு என்ன வேணுமோ கொண்டு வா."

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று.