கிராண்ட் கெய்சருக்காகக் காத்திருந்த நாட்கள்

செப்டம்பர் 8

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே எங்கெங்கோ ஆவி எழுகிறது. கந்தக வாடை. அண்ணனிடமிருந்து எதுவும் வரவில்லை.

செப்டம்பர் 9

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற கெய்சர், அதாவது பீறிட்டு எழும் வெந்நீரூற்று. காலையில் ஒரு முறை பார்த்தோம், மதியம் ஒரு முறை. காலையில் இடுப்புயரத்துக்கு மூன்று நான்கு தடவை தெறித்து அடங்கியது. கூட்டம் அலுத்துப்போய் கேமராக்களை இறக்கிய நேரத்தில்தான் எழுந்தது. 40 மீட்டர் இருக்கும். மேலே போன தண்ணீர் திரும்பப் பாறையில் விழும் சத்தம் காலடிப் பலகை வரை அதிர்ந்தது. நான்கு நிமிடம். பிறகு வெறும் ஆவி.

சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று அம்மாவிடம் சொன்னேன். "ஏன்டி, அடுப்புல வச்ச தண்ணி கொதிச்சா தளதளன்னுதானே பொங்கும்? இது மட்டும் ஒன்றரை மணி நேரம் சும்மா கெடந்துட்டு ஏன் ஒரேயடியா பீச்சியடிக்குது?" என்று கேட்டாள். என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

14ஆம் தேதியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

செப்டம்பர் 10

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இந்த இடம் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் அது மேல்மட்டத்தில் மட்டும். 20 மீட்டர் கீழே இருக்கும் தண்ணீரின் தலைமேல் அந்த 20 மீட்டர் தண்ணீரும் உட்கார்ந்திருக்கிறது. அந்த எடையில் 130 டிகிரி வந்தால்தான் அது கொதிக்கும். அதனால் மேலே கொதிக்கும் சூட்டைத் தாண்டிய பிறகும் கீழே அது தண்ணீராகவே, அமைதியாக இருக்கிறது.

வாய் அகன்ற ஊற்றாக இருந்தால் சூடான நீர் மேலே வரும், ஆறும், மறுபடி கீழே இறங்கும். வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அது வெறும் வெந்நீரூற்று. கெய்சருக்குக் கழுத்து குறுகலாக இருக்க வேண்டும். அங்கே நீர் புரள இடமில்லை. சூடு உள்ளேயே அடைபடுகிறது. கடைசியில் ஆவிக்குமிழ்கள் முட்டி, மேலே கொஞ்சம் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. நேற்று பார்த்த அந்த இடுப்புயரத் தெறிப்பு அதுதான். அந்தக் கொஞ்சம் வெளியேறியதும் கீழே பாரம் குறைகிறது. கொதிக்கும் தறுவாயில் இருந்த நீருக்கு அதுவே போதும், சட்டென்று ஆவியாகிறது. ஆவிக்குத் தண்ணீரைப் போல ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் வேண்டும். அது மேலே உள்ளதைத் தூக்கி எறிய, பாரம் இன்னும் குறைய, இன்னும் ஆழத்தில் உள்ளது கொதிக்கிறது. அடுப்புப் பாத்திரத்தில் இந்த ஆழமும் இல்லை, இந்தக் கழுத்தும் இல்லை.

1846இல் பன்சன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஐஸ்லாந்தின் கேய்சிர் ஊற்றுக்குள் வெப்பமானியை இறக்கி இதை அளந்து சொன்னார். கேய்சிர் என்ற அந்த ஒரு ஊற்றின் பெயர்தான் இன்று எல்லாவற்றுக்கும் பெயர். ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லுக்குள் 1990களில் கேமராவை இறக்கினார்கள். ஏறத்தாழ 7 மீட்டர் ஆழத்தில் ஓர் இடத்தில் அகலம் 11 சென்டிமீட்டர்தான். அரைச் சாண்.

செப்டம்பர் 11

மழை. மனதில் அந்த 11 சென்டிமீட்டர் குறுகல்தான்.

இரவு.

இங்குள்ள எரிமலைப் பாறையில் சிலிக்கா நிறைய. வெந்நீர் அதைக் கரைத்துக் கொண்டுவந்து குழாயின் உட்சுவரில் படிய வைக்கிறது. அத்தனை அழுத்தம் ஏறியும் நீர் பக்கவாட்டில் கசியாமல் நிற்பது அதனால்தான். படிவு, குறுகல். இரண்டு சொல்லும் அம்மாவின் மருத்துவ அறிக்கையிலும் இருந்தன. இங்கே அவை இல்லையென்றால் கெய்சரே இல்லை. அந்தக் காகிதத்தில் அவற்றைப் படித்த நாளில் எனக்குக் கை நடுங்கியது.

மதியம் மார்னிங் குளோரி ஊற்றுக்குப் போயிருந்தோம். ஒரு காலத்தில் முழு நீலமாக இருந்ததாம். வந்தவர்கள் காசும் கல்லுமாகப் போட்டுத் துவாரத்தை அடைத்தார்கள். சூடு குறைந்தது, ஆறிய ஓரங்களில் நுண்ணுயிர்கள் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் படர்ந்துவிட்டன. 1950இல் அதைத் தூண்டிப் பீறிட வைத்தபோது நாணயங்களும் துணிகளும் வெளியே வந்து விழுந்தன. அழகாக இருக்கிறது என்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 12

கிராண்ட்!

நாலு மணி நேரம் பெஞ்சில். ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லுக்குப் பத்து நிமிடம் முன்பின்னாக நேரம் குறித்துவிடுகிறார்கள். கிராண்டுக்கு அப்படி முடியாது, அது மணிக்கணக்கில் தள்ளிப்போகும். பக்கத்தில் ஒரு பாட்டி நோட்டும் ரேடியோவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருடாவருடம் வருகிறவராம். குளத்தைப் பார்க்காதே, இடது பக்கம் டர்பனைப் பார் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். டர்பன் சின்ன ஊற்று, சுமார் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழும். கிராண்ட் எழுவதானால் டர்பன் எழும் அந்த வேளையில்தான் எழும். தவறினால் குளத்து நீர் இறங்கிவிடும், அடுத்த சுற்றுக்கு மறுபடி உட்கார வேண்டும்.

அவர் சொல்லிக் கொடுத்த பிறகும் மூன்று சுற்று தவறியது. ஒவ்வொரு தடவையும் பாட்டி நேரத்தை எழுதிவிட்டு மறுபடி கையைக் கட்டிக்கொண்டார். நான் போனைப் பார்த்தேன், வைத்தேன், பார்த்தேன்.

நாலாவது சுற்றில் குளத்தின் விளிம்பில் சின்னச் சின்ன அலை. பாட்டி எழுந்து நின்றுவிட்டார். நடுவில் நீர் குமிழாக உப்பியது, உடைந்தது, அப்புறம் விசிறி விசிறியாக மேலே, மேலே. 60 மீட்டர் வரை போகும் என்று படித்திருந்தேன், கழுத்தை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று படித்ததில் இல்லை. பத்து நிமிடம் ஆடி நின்றது. ஆட்கள் கை தட்டினார்கள். பாட்டி கையைத் தூக்கி, இருங்கள் என்றார். குளம் வற்றிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி எழுந்தது, முதலில் வந்ததைவிட உயரமாக, ராக்கெட் மாதிரி. நான் அழுதுவிட்டேன். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 13

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கழுத்து, பாரம், டர்பன், பாட்டி. குறுகல் என்ற சொல்லை மட்டும் தவிர்த்தேன். அவளே சொன்னாள்: "அப்ப அடைப்புன்னா எல்லாம் கெட்டதில்லைன்னு சொல்லு." நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. திரும்பக் கிடைக்கவில்லை.

இரவில் படித்திருக்கக் கூடாத ஒன்றைப் படித்துவிட்டேன். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் மேட்டில் கல்லாய் இறுகிய பைன் மரத்துண்டுகள் கிடைத்திருக்கின்றன. 13, 14ஆம் நூற்றாண்டு மரங்கள். பீறிடும் ஊற்றின் மேல் மரம் வளராது. அந்தக் காலத்தில் கடும் வறட்சி வந்து, பல பத்தாண்டுகள் அது ஓய்ந்தே கிடந்திருக்கிறது. பெயரே நம்பிக்கையானது என்றுதான் வைத்தார்கள், 1870இல். அதுவும் நின்றிருக்கிறது.

நின்றது திரும்ப எழவும் எழுந்தது. இதை இப்படியே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 14

விடியவில்லை. அண்ணன்: "உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க." அவ்வளவுதான்.

அறைக்குள் சிக்னல் இல்லை, வெளியே பெஞ்சில் ஒரு கோடு வருகிறது. இங்கேயே இருக்கிறேன். குளிர். சற்று முன் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் எழுந்தது, இருட்டில் சத்தம் மட்டும். நேரம் பார்த்துக் குறித்தேன், 4.52.

6.21. மறுபடி.

அண்ணன் கூப்பிடுகிறான்