மோக் பாய் எல்லையில் நானும் மனைவியும் பிரிந்த கதை

கம்போடியாவின் புனோம் பென்னிலிருந்து வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்குப் பேருந்தில் போக நினைப்பவர்கள் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். வியட்நாம் இ-விசாவைத் திறந்து, எந்த வழியாக நுழைய அனுமதி என்று அச்சடித்திருக்கும் வரியைப் பாருங்கள். பேருந்து கடக்கும் வியட்நாம் தரை எல்லை வாசலான மோக் பாய் என்று இருக்க வேண்டும். விமான நிலையத்தின் பெயர் இருந்தால் பேருந்து டிக்கெட் வாங்காதீர்கள். ஊர் திரும்பி நாலு நாள் ஆகிறது, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அந்த ஒரு வரியை நான் பார்க்கவே இல்லை.

விசா எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் எடுக்கப்படவில்லை. என்னுடையதை ஊரில் ஒரு ஏஜென்ட் போட்டுக் கொடுத்தார். மனைவியின் பாஸ்போர்ட் புதுப்பித்து வரத் தாமதமானதால், அரசு இணையதளத்தில் அவளே உட்கார்ந்து விண்ணப்பித்தாள். ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், மூன்று வேலை நாள். 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள். விண்ணப்பத்தில் நுழையும் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அவள் பேருந்துப் பயணத்தை நினைத்து மோக் பாய் என்று போட்டாள். ஏஜென்ட் என்னுடையதில் ஹோ சி மின் நகரத்தின் தான் சன் நாத் விமான நிலையம் என்று போட்டிருந்தார். பெயர், பாஸ்போர்ட் எண், தேதி மூன்றையும் நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். நம்மூர்க்காரர்களுக்கு இனிஷியல், சர்நேம் குழப்பம் இருப்பதால் கவனம் முழுக்கப் பெயரிலேயே போய்விட்டது.

காலை எட்டு மணிக்குப் பேருந்து கிளம்பியது. டிக்கெட் கவுன்டரில் "வியட்நாம் விசா இருக்கா?" என்று கேட்டார்கள், தாளைக் காட்டினேன், தலையாட்டினார்கள். வண்டியில் உதவியாளரும் தாளை வாங்கிப் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நெயாக் லுவாங்கில் மேகோங் ஆற்றின் மேல் பெரிய பாலம். 2015-இல் அது திறக்கும்வரை படகில்தான் வண்டிகளை ஏற்றிக் கடத்துவார்களாம். மதியத்துக்குள் கம்போடிய எல்லை ஊரான பாவெட் வந்துவிட்டோம். சாலையின் இரு பக்கமும் சூதாட்ட விடுதிகள். கம்போடியப் பக்கம் விரல் ரேகை வைத்து, வெளியேறும் முத்திரை வாங்கப் பத்து நிமிடம் ஆனது.

அந்த முத்திரை விழுந்த நொடியில் என் கம்போடிய விசா முடிந்துபோனது. அதுவும் ஒருமுறை நுழைவு விசாதானே. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

வியட்நாம் பக்கம் மோக் பாயில் பைகளை எல்லாம் இறக்கி எக்ஸ்ரேயில் விட வேண்டும். பாஸ்போர்ட்டுகளை உதவியாளர் மொத்தமாக வாங்கிக் கவுன்டரில் அடுக்கினார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். மனைவியின் பெயர் வந்தது. அதற்கப்புறம் பதினைந்து பேர் போனார்கள், என் பெயர் வரவில்லை. கடைசியில் அதிகாரி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, விசாத் தாளைக் கண்ணாடிக்கு அடியில் நகர்த்தி, பேனா முனையை ஒரு வரியின் கீழ் வைத்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஏர்போர்ட்." வயிற்றில் புளியைக் கரைத்தது.

இங்கேயே மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். முடியாது. தரை எல்லையில் வியட்நாமுக்கு வந்திறங்கி வாங்கும் விசா கிடையாது. புதிதாக இ-விசா போடலாம், ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. மூன்று வேலை நாள் என்றால் புதன் ஆகிவிடும். எங்கள் திரும்பும் டிக்கெட் செவ்வாய்க்கிழமை. இதற்கிடையில் பக்கத்தில் நின்றிருந்த ஓர் ஆள், 150 டாலர் கொடுத்தால் ஏற்பாடு செய்கிறேன் என்று பாஸ்போர்ட்டுக்குக் கை நீட்டினார். பதற்றத்தில் நான் கொடுத்திருப்பேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மனைவி சத்தம் போட்டாள்: "என்னங்க, யார் கையிலயும் பாஸ்போர்ட்டைக் குடுக்காதீங்க!"

சரி, இரண்டு பேரும் திரும்பிப் போய் விமானத்தில் வரலாம் என்றேன். அவள் தன் தாளை எடுத்துக் காட்டினாள். அவளுடைய விசாவில் இருப்பது மோக் பாய் மட்டும். அவளால் விமான நிலையத்தில் நுழைய முடியாது, என்னால் இங்கே நுழைய முடியாது. இப்படி ஒரு சிக்கல் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

பேருந்து ஹாரன் அடித்தது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டோம் என்றார் உதவியாளர். அவள் யோசிக்கக்கூட இல்லை. "நான் பஸ்ஸுல போறேன். நீங்க ப்ளேன்ல வாங்க. ஹோட்டல் பேரு என் போன்ல இருக்கு." வெளிநாட்டுக்கு அவள் வந்ததே இதுதான் முதல் தடவை. என் பணப்பையைத் திறந்து பார்த்தாள். ஒரே ஒரு நூறு டாலர் நோட்டு, அதன் மடிப்பில் நகத்தளவு கிழிசல். கம்போடியாவில் கிழிந்த டாலரைத் தொடவே மாட்டார்கள், இரண்டு நாளில் அதைக் கற்றிருந்தோம். தன் கைப்பையிலிருந்து இருபது டாலர் நோட்டுகள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என் விசாத் தாளுக்குள் மடித்துத் தடுப்பின் மேல் நீட்டினாள். கூடவே பாதி ரொட்டி. வண்டி நகர்ந்த பிறகுதான் சார்ஜர் அவள் பையில் போய்விட்டது நினைவுக்கு வந்தது. போனில் பதினெட்டு சதவீதம்.

பையை இழுத்துக்கொண்டு பாவெட்டுக்குத் திரும்பி நடந்தேன். வெளியேறும் முத்திரையை ரத்து செய்வார்கள் என்று ஒரு நப்பாசை. இல்லை, புது விசா வேண்டும் என்றார்கள். கம்போடியாவில் அந்த வசதி உண்டு, எல்லையிலேயே சுற்றுலா விசா தருவார்கள், 30 டாலர், ஒரு போட்டோ. கவுன்டருக்கு முன்னாலேயே ஒருவர் படிவத்தோடு வந்து, நாற்பது டாலர் கொடுங்கள், நானே முடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக ஜன்னலுக்குப் போனேன். படிவம் அங்கேயே இருந்தது. பணப்பையின் பின்னறையில் ஆறு மாதப் பழைய போட்டோ ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது, அதுதான் காப்பாற்றியது. இரண்டு இருபதைக் கொடுத்தேன், பத்து டாலர் மீதி வந்தது. அன்றைக்கு எனக்கு நல்லபடியாக நடந்த முதல் காரியம் அதுதான். அந்தப் பத்து டாலரை ரொம்ப நேரம் கையிலேயே பிடித்திருந்தேன்.

எல்லை தாண்டுபவர்கள் ஒருவரிடமே பணத்தை வைக்காதீர்கள். இருவர் பையிலும் சின்ன டாலர் நோட்டுகள், கிழிசலோ கறையோ இல்லாதவை, தனித்தனியாக இருக்கட்டும். போட்டோ ஆளுக்கு இரண்டு. சார்ஜர், மாத்திரை, விசா நகல் எல்லாம் அவரவர் பையில். குடும்பமாகப் போகிறீர்களா, எல்லா விசாவையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரே வாசல்தானா என்று பாருங்கள். இதை உங்களுக்காகப் பேருந்துக்காரர்கள் பார்க்க மாட்டார்கள்.

பங்கு டாக்ஸியில் புனோம் பென் திரும்பும்போது, மிச்சமிருந்த சார்ஜில் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். பேருந்தில் போகிறோம் என்று அவரிடம் நான் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன். "எல்லாரும் ஃப்ளைட்லதான் சார் போவாங்க, அதனால அப்படியே போட்டுட்டோம்" என்றார். கோபத்தில் எனக்கு வார்த்தை வரவில்லை. மறுநாள் காலை விமானத்துக்கு டிக்கெட் கிடைத்தது. ஆறு மணி நேரப் பேருந்துக் கட்டணத்தைப் போல எத்தனையோ மடங்கு. இரவு ஒன்பதரைக்கு மனைவியிடமிருந்து ஒரு படம் வந்தது: ஃபாம் ங்கு லாவ் தெரு, விடுதியின் பெயர்ப்பலகை, கீழே "வந்துட்டேன், சாப்டேன்". அதைப் பார்த்த பிறகுதான் நான் சாப்பிட்டேன்.

விமானம் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. தான் சன் நாத் குடியேற்றக் கவுன்டரில் அதே தாளைக் கொடுத்தேன். அதிகாரி ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தி நகர்த்திவிட்டார்.

விடுதி வாசலில் பிளாஸ்டிக் முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து பாஸ்போர்ட்டை வாங்கினாள். முத்திரையின் தேதியை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் தன் பையிலிருந்து சார்ஜரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.