குமரி முனைக்குக் கிரேக்கம் வந்த வழி

அலெக்சாண்டரின் படை கி.மு. 326இல் பியாஸ் ஆற்றங்கரையோடு நின்றுவிட்டது. எட்டு வருட நடை, ஓயாத மழை, பாம்புத் தொல்லை. இனி ஓரடிகூட வைக்க மாட்டோம் என்று வீரர்கள் மறுத்துவிட்டார்கள். குமரி மாவட்டத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று தேடுபவர்கள் அந்தப் படையெடுப்பு வரைபடத்தை மடித்து வைத்துவிடலாம். பார்க்க வேண்டியது, கி.மு. 331இல் நைல் கழிமுகத்தில் அவர் அடிக்கல் நாட்டிய அலெக்சாந்திரியாவை.

கி.மு. 323இல் அவர் பாபிலோனில் இறந்ததும் தளபதிகள் நாட்டைப் பங்கு போட்டார்கள். எகிப்து தாலமிக்கு, ஆசியப் பகுதியின் பெரும்பங்கு செலூக்கஸுக்கு. செலூக்கஸ் சிந்துப் பக்கத்து நிலத்தைச் சந்திரகுப்த மௌரியருக்கு விட்டுக்கொடுத்து 500 யானைகளை வாங்கிக்கொண்டார். எகிப்துக்கு அந்த வழி அடைபட்டது. யானைப்படை இல்லாமல் அந்தக் காலத்தில் போர் நடக்காது. ஆகவே இரண்டாம் தாலமி ஆப்பிரிக்க யானைகளைப் பிடித்து வர செங்கடல் ஓரமாகத் துறைமுகங்கள் கட்டினார். அதில் ஒன்று பெரெனிகே. யானை இறக்கக் கட்டிய துறையில்தான் பிற்பாடு நம் பக்கத்து மிளகு இறங்கியது. அங்கே ஒரு கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியப் பானைக்குள் ஏழரைக் கிலோ கருமிளகு கிடைத்திருக்கிறது. அதற்கு வடக்கே குசேர் அல்-காதிம் துறையில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்று தமிழ்ப் பிராமியில் பெயர் கீறியிருக்கிறார்கள்.

கிரேக்கப் பண்பாடு வடக்கே பரவிய விதம் வேறு. ஆப்கானிஸ்தானின் ஐ கானூமில் நாடக அரங்கும் உடற்பயிற்சிக் கூடமும் கட்டினார்கள். கந்தகாரில் உள்ள அசோகர் கல்வெட்டே கிரேக்கத்திலும் அரமேயத்திலும் இருக்கிறது. நாணயத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவு. அலெக்சாண்டர் ஏதென்ஸ் எடைமுறையில் அடித்த வெள்ளி திராக்மா சுமார் 4.3 கிராம், ஒரு பக்கம் சிங்கத்தோல் போர்த்த ஹெராக்ளிஸ், மறுபக்கம் அரியணையில் சியூஸ். இந்திய மண்ணில் ஆண்ட கிரேக்க அரசர்கள் அதை ஏறக்குறைய 2.45 கிராமாகக் குறைத்து, பின்பக்கம் வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோஷ்டி எழுத்தும் சேர்த்தார்கள். உள்ளூர்ச் சந்தையில் செல்லுபடியாக வேண்டுமே.

தெற்கே ஆட்சியாக எதுவும் வரவில்லை. கப்பலும் கணக்கும் வந்தன. கி.மு. 30இல் எகிப்து ரோமின் கைக்குப் போன பிறகும் அங்கே பத்திரம் எழுதியது கிரேக்கத்தில்தான். முசிறி (கேரளக் கரையில் இருந்த சேரர் துறைமுகம்) வணிகம் பற்றிய பாப்பிரஸ் ஏடு, அதாவது நாணல்தாள் ஆவணம், அதற்கு நல்ல சான்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, ஹெர்மபொலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. ரோமப் பேரரசின் கால்பங்கு வரி போக நின்ற மதிப்பு 1154 தாலந்து 2852 திராக்மா. ஒரு தாலந்துக்கு 6000 திராக்மா. பெருக்கிப் பார்த்தால் 69,26,852 திராக்மா. ஒரே கப்பலில்!

பயணக் கணக்கை முதலாம் நூற்றாண்டு ரோம எழுத்தாளர் பிளினி நாள் வாரியாகத் தருகிறார். நைலில் எதிரோட்டத்தில், வடகாற்று தள்ள, ஆற்றங்கரை ஊரான கோப்டோஸ் வரை 12 நாள். அங்கிருந்து பெரெனிகேவுக்குப் பாலைவனத்தில் ஒட்டகத்தில் 257 ரோம மைல், 12 நாள். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவு நடை. பெரெனிகேயிலிருந்து செங்கடல் வாய் வரை 30 நாள். பிறகு நடுக்கடலில் முசிறிக்கு 40 நாள். கூட்டினால் 94.

இதில் சூட்சுமம் புறப்படும் மாதம். எகிப்திலிருந்து ஜூலையில் கிளம்ப வேண்டும். ஏன் என்று குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மேற்குக் கடலுக்கு இன்றும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடை. கிழக்கே சின்னமுட்டம் பக்கமோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடைக்குக் காரணம் மீன் இனப்பெருக்கம் என்றாலும், மேற்கே அந்த மாதங்களில் கச்சான் காற்று கரையில் எப்படி அடிக்கும் என்பது ஊருக்கே தெரியும். முன்கூட்டிக் கிளம்பிய கப்பல் அந்தக் காற்றின் உச்சத்தில் கரைக்கு வந்து மாட்டிக்கொள்ளும். காற்று பின்னால் இருப்பதால் திரும்பிப் போகவும் முடியாது. ஜூலையில் கிளம்பினால் செப்டம்பரில், தென்மேற்குப் பருவத்தின் வால்பகுதியில் வந்து சேரலாம். திரும்புவதற்கு டிசம்பர், பிந்தினால் ஜனவரி நடுப்பகுதிக்குள். அதையும் தவறவிட்டால் சரக்கோடு ஒரு வருடம் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இந்த மாலுமிகளுக்காகக் கிரேக்கத்தில் எழுதப்பட்ட முதலாம் நூற்றாண்டுக் கடல்வழிக் கையேடு, பெரிபுளூஸ், குமரியைத் துறைமுகம் உள்ள இடம் என்கிறது. நோன்பு நோற்போர், ஆணும் பெண்ணும், மீதி வாழ்நாளைத் துறவில் கழிக்க வந்து நீராடும் இடம். முன்னொரு காலத்தில் ஒரு பெண் தெய்வம் இங்கே நீராடினாள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. மிளகு விலை பார்க்க வந்த ஆள் இதையும் கேட்டு எழுதிவைத்தது எனக்குப் பிடித்த பகுதி.

கி.பி. 150 வாக்கில் அலெக்சாந்திரியாவில் இருந்து எழுதிய தாலமி (அரசர் இல்லை, புவியியலாளர்) இன்னும் ஒரு படி மேலே போய் எண் கொடுத்துவிட்டார். ஆய் நாட்டில் கொத்தியாரா தீர்க்கரேகை 121 பாகை, அட்சரேகை 14 பாகை. குமரி 121¾, 13½. நிஜத்தில் குமரியின் அட்சரேகை எட்டு பாகைக்குச் சற்று மேல். கொத்தியாரா கோட்டாறுதான் என்று உள்ளூரில் உறுதியாகச் சொல்வார்கள். பெயர் ஒத்து வருகிறது, தூரம் உதைக்கிறது. தாலமிக்கு ஒரு பாகை 500 ஸ்தாதியம் (கிரேக்கரின் தூர அளவு). அவர் எண்களின்படி இரண்டுக்கும் இடையே சுமார் 440 ஸ்தாதியம், அதாவது ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கோட்டாறிலிருந்து குமரி 20 கிலோமீட்டர்தான். நடுவில் பம்மலா என்று இன்னோர் ஊரையும் வைத்திருக்கிறார்.

பிழையின் வேர் தெரிந்ததே. அவருக்கு முன் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் ஒரு பாகைக்கு 700 ஸ்தாதியம் வைத்தார். தாலமி 500 என்று சுருக்கியதால் அதே தூரம் வரைபடத்தில் அதிகப் பாகைகளைத் தின்கிறது. மாலுமிகள் சொன்ன நாள்கணக்கைத் தூரமாக மாற்றியதிலும் காற்றுக்கு ஏற்ற தள்ளுபடி சரியாக விழவில்லை. விளைவு: நம் தீபகற்பம் தட்டையாகி, கரை தெற்கே இறங்காமல் கிழக்கே ஓடுகிறது, இலங்கை பூதாகரமாகிவிட்டது.

எனவே அவர் பட்டியலை ஊர்களின் வரிசைக்காகப் படியுங்கள். பாகைகளை அளவுகோலால் அளக்க வேண்டாம். மெல்கிந்தா, எலங்கோன், கொத்தியாரா, பம்மலா, குமரி: கரையோரமாக வடக்கிலிருந்து வரும் கப்பல் கண்ட வரிசை அது.